தடயமும் சாட்சியும்

இரவு உணவு முடிந்ததும் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்வது நம் குடும்பங்களில் செபமாலையின் நேரத்தைப் பிடித்துக்கொண்டது என்று குறைசொல்ல இதனை எழுதவில்லை. நானும் அமர்கிறேன். பேரப்பிள்ளைகளுக்குத் துணையாக அமர்கிறேன் என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அந்தப் பொய்யையும் விட்டாயிற்று. குற்றப் புலனாய்வுத் தொடர்கள் எனக்குப் பிடிக்கும். அவற்றிலும், துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களைவிட, கையுறை அணிந்து தரையில் மண்டியிட்டுத் தேடுகிறவர்களை அதிகம் பிடிக்கும். ஒரு கொலை நடந்த அறை; எல்லாம் கழுவித் துடைக்கப்பட்டிருக்கிறது. ஆய்வாளர் ஏதோ ஒரு நீர்மத்தைத் தெளித்துவிட்டு விளக்கை அணைக்கிறார். இருட்டில் சுவரின் அடியோரம் மெல்லிய நீல ஒளி பூக்கிறது. அங்கே இரத்தம் சிந்தியிருக்கிறது. துடைத்தவன் எல்லாம் போயிற்று என்று எண்ணினான், சுவர் மறக்கவில்லை. அந்தக் கணத்தில் நெஞ்சில் எழும் நிறைவு ஏறத்தாழ ஒரு பக்தி உணர்வு. மறைந்தவை யாவும் ஒருநாள் வெளியாகும் என்று ஞாயிறுதோறும் நற்செய்தியில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த நாள் ஒரு மணி நேரத் தொடரின் கடைசிப் பத்து நிமிடத்திலேயே வந்துவிடுவதைக் கண்டால் மகிழாமல் இருப்போமா?

இவ்வகைத் தொடர்களில் உலகெங்கும் பெயர்பெற்றது 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் தொடங்கிய 'சி.எஸ்.ஐ.'. லாஸ் வேகஸ் நகரின் தடய ஆய்வாளர் குழு ஒன்றைப் பற்றிய அத்தொடர் 2015 வரை ஓடியது. அதன் தலைமைப் பாத்திரமான கில் கிரிஸம் பூச்சியியல் அறிந்தவர். பிணத்தில் கிடைக்கும் புழு எத்தனை நாள் வளர்ந்தது என்று கணக்கிட்டு, இறந்த நேரத்தைச் சொல்வார். நம் நாட்டிலோ அதற்கும் முன்னரே, 1998 சனவரியில், சோனி தொலைக்காட்சியில் 'சி.ஐ.டி.' தொடங்கிவிட்டது. அதில் வரும் டாக்டர் சாலுங்கேயின் ஆய்வகத்தில் எல்லாச் சோதனைகளும் ஏ.சி.பி. பிரத்யுமன் நின்றுகொண்டிருக்கும்போதே முடிந்துவிடும். உண்மையான ஆய்வகங்களில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பதை அறிந்தவர்கள் சிரிக்கலாம். அந்தச் சிரிப்பு எனக்குப் பொருட்டன்று. கதைக்குக் கால் முளைப்பது உலக வழக்கு.

எனக்கு உறுத்துவது வேறொன்று. இத்தொடர்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. மனிதர் பொய் சொல்வார்கள், பொருள்கள் பொய் சொல்லா என்பதே அது. எனவே மனிதரைக் கேட்க வேண்டியதில்லை. முடியையும் நகத்தையும் இரத்தத்தையும் கேட்டாற் போதும். சாட்சி சொல்ல அஞ்சி நிற்கும் அண்டை வீட்டாரைப் பற்றி அங்கே கவலையில்லை. அவர் கதவைச் சாத்திக்கொண்டாலும் உண்மை வேறு வழியாக வந்துவிடும். யாரும் எதையும் இழக்காமல், யாரும் யாரையும் பகைத்துக்கொள்ளாமல் நீதி கிடைத்துவிடும். அண்டை வீட்டாராகவே வாழ்நாளைக் கழித்துவிட்ட என் போன்றோருக்கு இதைவிட ஆறுதலான கதை உண்டா? அந்த ஆறுதல் நியாயமானதா என்பதே என் கேள்வி.

தடய அறிவியலைப் பழிப்பதாக யாரும் எண்ண வேண்டாம். மனித மாண்புக்கு அது செய்த தொண்டு பெரிது. இங்கிலாந்தின் லெஸ்டர் பகுதியில் 1980-களில் இரு சிறுமியர் கொல்லப்பட்டனர். பதினேழு வயது இளைஞன் ஒருவன் காவலரின் விசாரணையில் ஒரு கொலையை ஒப்புக்கொண்டான். அலெக் ஜெஃப்ரீஸ் என்ற அறிஞர் தாம் அண்மையில் கண்டறிந்த மரபணு ஒப்பீட்டு முறையால் சோதித்தபோது, அவன் அதைச் செய்யவில்லை என்று தெரிந்தது. குற்றவாளி பின்னரே அகப்பட்டான். மரபணுச் சோதனை ஒரு குற்ற வழக்கில் ஆற்றிய முதற்பணி, செய்யாததைச் செய்ததாக ஒப்புக்கொண்ட ஒருவனை விடுவித்தது என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும். அச்சத்தில் மனிதன் தனக்கு எதிராகவே பொய்ச்சாட்சி சொல்லிவிடுகிறான். காவலரிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டமே விதித்ததும் இதனை உணர்ந்துதான். அச்சட்டத்தின் இடத்தில் 2024 சூலை முதல் நாளிலிருந்து புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த பின்னும் அந்த விதி நீங்கவில்லை. ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் நிகழ்விடத்துக்கு நேரில் சென்று சான்றுகளைத் திரட்ட வேண்டும் என்று உடன்வந்த நடைமுறைச் சட்டம் கூறுகிறது. அடித்துக் கேட்பதைவிடத் தேடிப் பார்ப்பது மேல் என்று அரசே ஒப்புக்கொண்டதாக இதை நான் வாசிக்கிறேன்.

தமிழ்நாட்டுக்கு இத்துறை புதிதன்று. சென்னையில் 1849-இலேயே வேதியியல் ஆய்வாளரின் கூடம் ஒன்று நிறுவப்பட்டது. 1952-ஆம் ஆண்டு, இலங்கைக்குக் கப்பலேறச் செல்வோரின் 'போட் மெயில்' இரயிலில், மானாமதுரை நிலையத்தில் ஒரு பெட்டி திறக்கப்பட்டது. உள்ளே தலையில்லாத உடல். சென்னை இராயபுரம் கடற்கரையில் தலை கிடைத்தது. இரண்டும் ஒருவருடையனவே, அவர் ஆளவந்தார் என்ற வணிகர் என்று சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் நிறுவினார். அவ்வழக்கை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஒரு புராணம்போலச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களுடைய கதையில் பேராசிரியரைவிட, பெட்டியிலிருந்து நாற்றம் வருகிறது என்று அடம்பிடித்த பயணியே பெரிய வீரர். பிள்ளைப் பருவத்தில் எனக்கு அது விளங்கவில்லை.

பொருள்கள் பொய் சொல்லா என்பதும் முழு உண்மையன்று. தொலைக்காட்சியில் நீலமாக ஒளிரும் அந்த 'லூமினால்' இரத்தத்தில் உள்ள இரும்புச் சத்தைச் சந்தித்து ஒளிர்கிறது. சலவைத் தூளைச் சந்தித்தாலும் ஒளிரும். தாமிரச் சேர்மங்களைச் சந்தித்தாலும் ஒளிரும். (தாமிரபரணிக் கரையில் வாழும் எங்களுக்கு இதில் ஒரு சிறு நகைப்பு உண்டு.) ஒளி கண்டால் போதாது, அது எதன் ஒளி என்று அறிந்து, அறிந்ததை மிகைப்படுத்தாமல் சொல்ல ஒரு மனிதர் வேண்டும். அமெரிக்காவின் கூட்டரசுப் புலனாய்வு நிறுவனம், முடியை நுண்ணோக்கியால் ஒப்பிட்டுத் தன் வல்லுநர்கள் நீதிமன்றங்களில் அளித்த பழைய சாட்சியங்களைத் திருப்பிப் பார்த்தது. அரசுத் தரப்புக்குத் துணைபோன 268 வழக்குகளில் 257-இல் வல்லுநர்கள் அறிவியல் அனுமதிக்கும் எல்லையைத் தாண்டிப் பேசியிருந்தனர் என்று 2015-இல் அது ஒப்புக்கொண்டது. அவற்றுள் முப்பதுக்கும் மேற்பட்ட வழக்குகள் மரண தண்டனை பெற்றவை. முடி ஒன்றும் பேசவில்லை. முடியின் பெயரால் வெள்ளை அங்கி அணிந்தவர்கள் பேசினார்கள்.

ஸ்ரீவைகுண்டத்தில் வாழ்கிற ஒருவனுக்கு ஊமைச் சான்றுகளைப் பற்றிச் சிந்திக்கத் தொலைக்காட்சி வேண்டியதில்லை. ஆற்றைக் கடந்து மேற்கே சில கிலோமீட்டர் சென்றால் ஆதிச்சநல்லூர். நூற்றுப் பதினான்கு ஏக்கர் பரம்பு முழுவதும் தாழிகள், தாழிகளுக்குள் எலும்புகள். 1876-இல் ஜாகோர் என்ற செர்மானியர் வந்து தோண்டிப் பொருள்களைப் பெர்லினுக்குக் கொண்டுசென்றார். பின்னர் அலெக்சாண்டர் ரீ வந்தார். அங்கே கிடைத்த மண்டையோடுகளை 1930-இல் சக்கர்மன் ஆராய்ந்து இன்ன இனத்தார் என்று எழுதினார். 2004-ஐ ஒட்டி மத்தியத் தொல்லியல் துறை தோண்டிய எலும்புகளை ஆராய்ந்தவர்கள் வேறு விதமாகச் சொன்னார்கள். எலும்புகள் மாறவில்லை, கேட்டவர்களின் காலம் மாறியது.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது இன்னொன்று. 2004-இல் எடுத்த மாதிரிகளின் காலம் வெளியில் தெரியப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் பொதுநல வழக்கு நடந்தபோதுதான், 2019-இல், கி.மு. 905 என்றும் கி.மு. 696 என்றும் இரு மாதிரிகளின் காலம் தெரியவந்தது. மூவாயிரம் ஆண்டு மண்ணுக்குள் பொறுத்திருந்த எலும்புகளுக்குப் பதினைந்து ஆண்டு பெரிதில்லை என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் கருவியும் முறையும் இருந்தும், யாரோ ஒருவர் நீதிமன்றப் படியேறிக் கேட்கும்வரை அவை பேசவில்லை. எங்கள் ஊரில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசாதிருந்தார் என்றும், பெற்றோர் அவரைத் திருச்செந்தூருக்குத் தூக்கிச் சென்று வேண்டிக் கிடந்தபின் வாய் திறந்தார் என்றும் சொல்வார்கள். சைவர்களின் அந்த நம்பிக்கைக் கதையில் என் மனத்தைத் தொடுவது குழந்தையைச் சுமந்து சென்றவர்களே. ஊமை பேசவேண்டுமானால் யாரோ ஒருவர் அதனைச் சுமந்து நடக்க வேண்டியிருக்கிறது.

இனி எழுதப்போவது எலும்பாகிப் போன பழங்கதையன்று. எங்கள் ஊருக்கு நேர் தெற்கே இருக்கிறது சாத்தான்குளம். 2020-ஆம் ஆண்டு சூன் 19-ஆம் நாள் மாலை, பெருந்தொற்றுக் கால ஊரடங்கில் கடையடைக்கும் நேரத்தை மீறியதாகச் சொல்லி ஜெயராஜ் என்பவரைக் காவலர்கள் நிலையத்துக்கு அழைத்துச் சென்றனர். தந்தையைத் தேடிப்போன மகன் பென்னிக்சும் உள்ளே வைக்கப்பட்டார். சூன் 22 இரவு மகனும், மறுநாள் விடியலில் தந்தையும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்தனர். இந்த நாடே அறிந்த வழக்கு அது. அதன் போக்கை நாளிதழ்கள் விரிவாக எழுதியிருக்கின்றன. நான் ஒரே ஒரு கோணத்தில் மட்டும் அதனைப் பார்க்க விரும்புகிறேன்.

தடயங்களுக்கு அங்கே குறைவே இல்லை. நிலையத்தில் கண்காணிப்புக் கருவிகள் இருந்தன. பதிவுகளைச் சேமிக்கப் போதுமான இடமும் அதில் இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு தானே அழிந்துபோகுமாறு அது அமைக்கப்பட்டிருந்தது என்பதை விசாரணைக்குச் சென்ற நடுவர் கண்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு உடல்கள் இருந்தன. இருபதாம் நாள் அவ்விருவரும் உயிரோடு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். இரத்தத்தில் நனைந்த துணிகள் மாற்றப்பட்டன. மருத்துவச் சான்று கிடைத்தது. சிறைக்காவலுக்கான ஆணையும் கிடைத்தது. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் பயணம் செய்து கிளைச்சிறையின் கதவுக்குள்ளும் போனார்கள். தொலைக்காட்சியின் ஆய்வாளர் ஒரு துளி இரத்தத்துக்காகச் சுவரைச் சுரண்டுகிறாரே, இங்கே சான்று தன் காலால் நடந்து வாசல் வாசலாகச் சென்றது. பார்க்கப் பயின்ற கண்கள் ஒவ்வொரு வாசலிலும் இருந்தன. பார்ப்பதற்கு நுண்ணோக்கியோ நீல ஒளியோ வேண்டியிருக்கவில்லை.

பின்னர் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதனைத் தானே முன்வந்து கையிலெடுத்தது. அதன் ஆணைப்படி கோவில்பட்டி நீதித்துறை நடுவர் சூன் 28-ஆம் நாள் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குச் சென்றார். அங்கே தமக்குக் கிடைத்த ஒத்துழைப்பு எத்தகையது என்பதை அவர் உயர்நீதிமன்றத்துக்கு எழுதினார்; தம்மை இழிவாகப் பேசிய குரலையும் அவர் பதிவுசெய்தார். நிலையத்தை வருவாய்த் துறையினரின் பொறுப்பில் வைக்குமாறு நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று. காவல் நிலையத்திலிருந்து சான்றுகளைக் காக்க வட்டாட்சியரைக் காவல் வைத்த நாடு வேறெங்கேனும் உண்டோ என்று அப்போது எண்ணிக்கொண்டேன்.

அந்த நிலையத்தில் அன்றிரவு பணியிலிருந்த தலைமைக் காவலர் ஒருவர், ஒரு பெண், வாய் திறந்தார். விடியவிடிய அடித்தார்கள் என்றும், லத்திகளிலும் மேசையிலும் இரத்தக் கறை இருக்கிறது என்றும், அவை அழிக்கப்படுமுன் உடனே கைப்பற்ற வேண்டும் என்றும் நடுவரிடம் சொன்னார். அச்சமின்றிச் சொன்னார் என்று எழுத ஆசையாக இருக்கிறது, அது உண்மையாகாது. அவர் மிகவும் அஞ்சினார் என்றே நடுவரின் அறிக்கை கூறியது. வெளியே உடன் பணிசெய்வோர் நின்று ஒட்டுக்கேட்டார்கள். சொன்னதற்குக் கையெழுத்திட அவர் தயங்கினார். பாதுகாப்பு உண்டு என்று உறுதியளித்தபின் கையெழுத்திட்டார். பின்னர் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்கை ஏற்றது. நிலையத்தில் எடுத்த இரத்தக் கறைகளின் மரபணு இறந்தவர்களோடு பொருந்தியது என்று ஆய்வகம் கூறியது. சிந்திய தங்கள் இரத்தத்தைத் தாங்களே தங்கள் துணியால் துடைக்குமாறு அவர்கள் கட்டாயப்படுத்தப்பட்டார்கள் என்று ஒன்பது காவலர்மீது தாக்கலான குற்றப்பத்திரிகை கூறியது.

தொடர்களில் இந்தக் காட்சி எப்படி அமையும் என்று எண்ணிப் பாருங்கள். வல்லுநர் வருகிறார், கறையைக் காண்கிறார், அது பேசுகிறது. சாத்தான்குளத்தில் நடந்த வரிசை வேறு. முதலில் ஒரு மனித வாய் நடுங்கிக்கொண்டே திறந்தது. எங்கே தேட வேண்டும் என்பதை அது சொன்னது. கறைக்கு அதன் பிறகுதான் பேச வாய்த்தது. ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து கூவியதைத் தொடக்கநூலில் நாம் வாசிக்கிறோம்; அங்கே அதைக் கேட்டவர் கடவுள். மனிதர் நடத்தும் நீதிமன்றத்தில் அந்தக் கூவலை எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

இதை எழுதும்போது தலைமைக் குருவின் வீட்டு முற்றம் நினைவுக்கு வராமல் இருக்குமா? அதுவும் இரவில் கைதான ஒருவரின் கதையே. உள்ளே விசாரணை, அறைகள், ஏளனம். வெளியே குளிருக்கு மூட்டிய தீ. பேதுரு அங்கே நின்றது தற்செயலன்று. அன்பினால் பின்தொடர்ந்து வந்தவர் அவர். தப்பியோடிய மற்றவர்களைவிட அவர் நெருங்கி வந்தார். நெருங்கி வந்ததனாலேயே சாட்சி சொல்ல வேண்டிய நிலைக்கு ஆளானார். கேட்டவள் படைவீரன் அல்லள், ஆளுநன் அல்லள், ஒரு பணிப்பெண். அவளிடம்கூடச் சொல்ல முடியவில்லை. பேதுருவின் பேச்சே அவரைக் கலிலேயன் என்று காட்டிக்கொடுக்கிறது என்று உடன் நின்றோர் சொன்னதாக மத்தேயு எழுதுகிறார். இக்காலத் தடய அறிவியல் மிகவும் விரும்பக்கூடிய குறிப்பு! குரலின் தடயம் உண்மையைச் சொல்லிவிட்டது, குரலுக்குரியவர் சொல்லவில்லை.

வெற்றுக் கல்லறையிலும் இதே வேறுபாட்டைக் காண்கிறேன். யோவான் நற்செய்தியில் சீடர் இருவர் ஓடுகிறார்கள். துணிகள் கிடந்த விதத்தையும், தலையைச் சுற்றியிருந்த துண்டு தனியே சுருட்டி வைக்கப்பட்டிருந்ததையும் பார்க்கிறார்கள். எவ்வளவு துல்லியமான நிகழ்விடக் குறிப்பு அது! அவர்களுள் ஒருவர் கண்டு நம்பினார் என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆயினும் இருவரும் வீடு திரும்பிவிட்டார்கள். மகதலா மரியா திரும்பவில்லை, அழுதுகொண்டே நின்றாள். நின்றவளுக்கே உயிர்த்தவர் செய்தியைக் கொடுத்தார். பெண்ணின் சாட்சியம் அதிகம் மதிக்கப்படாத அக்காலச் சமூகத்தில் முதற்சாட்சியாக அவளை அனுப்பினார். பெண்கள் சொன்னதைத் திருத்தூதர்கள் வெறும் பிதற்றலாக எண்ணினார்கள் என்று லூக்கா மழுப்பாமல் எழுதியிருக்கிறார்.

நம் திருச்சபைத் தமிழில் உயிரைக் கொடுத்தவர்களுக்கு 'மறைசாட்சி' என்று பெயர். முன்னோர் 'வேதசாட்சி' என்றார்கள். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுடப்பட்டு, 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயம் பிள்ளையை நாம் அப்படித்தான் அழைக்கிறோம். கிரேக்கத்திலும் 'மார்த்தீர்' என்றால் முதலில் சாட்சி என்றே பொருள். கொல்லப்பட்டவர் என்ற பொருள் பின்னர் வந்து ஒட்டியது. ஏன் ஒட்டியது என்று யாரும் விளக்கத் தேவையில்லை. உள்ளத்தில் இருந்து நம்மைக் கேட்பதற்கும் நாம் வைத்திருக்கும் பெயர் 'மனச்சான்று'. அங்கேயும் சான்று என்ற சொல்லே நிற்கிறது. அதை ஆய்வகத்துக்கு அனுப்ப வழியில்லை.

இவை பழைய நூற்றாண்டுகளின் செய்திகள் என்று ஒதுக்கிவிட முடியாது. ஸ்ரீவைகுண்டத்துக்கு மேற்கே, அதே ஆற்றின் கரையில் இருக்கும் முறப்பநாட்டில், 2023 ஏப்ரல் 25-ஆம் நாள் கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் பட்டப்பகலில் தம் அலுவலகத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். ஆற்றுமணல் கடத்தலைப் பற்றி அவர் காவல்துறையில் புகார் எழுதிக் கொடுத்திருந்தார். இருவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஐந்து மாதத்துக்குள், 2023 செப்டம்பரிலேயே தீர்ப்பு வந்துவிட்டது. ஆற்றில் மணல் குறைந்ததற்குத் தடயம் கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் கிடந்தது. படித்துறையில் குளிக்கிறவன் எவனும் பள்ளத்தில் கால் வைத்தே அதனை அறிவான். நாங்கள் எல்லோரும் அறிந்திருந்தோம். அவர் எழுதிக் கொடுத்தார்.

'நாங்கள் எல்லோரும்' என்று எழுதியபின் இங்கேயே நிறுத்திவிட முடியவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன், நான் பள்ளி ஆசிரியராக இருந்த நாளில், ஓர் இரவு தனிவகுப்பு முடித்துச் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். ஆற்றுப்பாலத்துக்கு அப்பால், எனக்கு முன்னே சென்றுகொண்டிருந்த ஒருவரைப் பின்னால் வந்த லாரி ஒன்று என்னைக் கடந்துபோய் மோதித் தள்ளியது. கணநேரம் நின்றது, பின் விரைந்து போயிற்று. நின்ற அந்தக் கணத்தில், அதன் பின்புறச் சிவப்பு விளக்கின் ஒளியில் எண்ணைப் படித்தேன். யாருடைய வண்டி என்பதும் எனக்குத் தெரிந்தது. விழுந்தவர் மருத்துவமனைக்குப் போகும் வழியில் இறந்தார். காவலர்கள் வந்து, தெருவில் சிதறிக் கிடந்த முகப்பு விளக்கின் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கி ஒரு செய்தித்தாளில் பொட்டலமாகக் கட்டினார்கள். அதை நான் அருகிலிருந்து பார்த்தேன். பார்த்தது யார் என்று கேட்டார்கள். நான் பிறகு வந்தவன் என்று சொன்னேன்.

மூத்த மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. வண்டிக்காரர் ஊரில் பெரிய கை. நீதிமன்றத்துக்கு அலைய வேண்டும், பள்ளியில் விடுப்புக் கேட்க வேண்டும். அத்துடன் கண்ணாடித் துண்டுகள்தாம் இருக்கின்றனவே, அவை போதாவா என்றும் எண்ணிக்கொண்டேன். இன்று தொடர்களைப் பார்க்கிற பிள்ளைகள் எண்ணுவதையே அன்று நானும் எண்ணினேன். உடைந்த கண்ணாடியைப் பொருத்திப் பார்க்க எந்த வண்டியின் விளக்கு என்று யாராவது சொல்லியாக வேண்டும் என்பது எனக்குத் தெரியாததன்று. ஒரு வாரத்தில் அந்த லாரியில் புதிய விளக்கு மாட்டியிருந்ததையும் பார்த்தேன்.

இறந்தவரின் மனைவி சில நாள் கழித்துப் பள்ளிக்கு வந்தார். வேப்பமரத்தடியில் நின்று, "சார், நீங்க பாத்தியளாமே?" என்று கேட்டார். "நான் வரும்போது எல்லாம் முடிஞ்சு போச்சும்மா" என்றேன். அவர் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். பின்னர், "சரி சார், வெயில்ல நிக்காதிய" என்று சொல்லிவிட்டுப் போனார். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லியிருக்கிறேன். குருவானவர் பாவமன்னிப்பு அளித்தார். அந்த அம்மாவிடம் போய்ச் சொல்லக் கூடுமானால் சொல்லும் என்றும் கூறினார். நான் போவதற்குள் அவர் பிள்ளைகளோடு திருப்பூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். தேடவில்லை.

தொடரில் எப்போதேனும் உடைந்த விளக்குக் கண்ணாடியை ஆய்வாளர் மேசைமேல் துண்டு துண்டாகச் சேர்த்து ஒட்டும் காட்சி வரும். அப்போது தண்ணீர் குடிக்க எழுந்து போவேன். பேரன் இப்போதெல்லாம் கவனித்துவிட்டான். "தாத்தா, இதுதான நல்ல இடம்" என்று கூப்பிடுகிறான். அந்த வண்டியின் எண் எனக்கு இன்னும் மறக்கவில்லை.